குறியும் கடனும்: படைச்சின்னம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

ஒரு கூட்டத்தார் தமக்கெனச் சின்னம் ஒன்றை வகுத்துக்கொள்ளும்போது அவர்கள் உண்மையிற் செய்வது யாது? தம்மைப் பிறரினின்றும் வேறுபடுத்திக் காட்டுகின்றனர் என்பது எளிய விடை. அவ்விடை பிழையன்று; ஆயினும் போதியதன்று. பாடசாலைக்குச் சின்னம் உண்டு. கூட்டுறவுச் சங்கத்துக்கும் உண்டு. படைப்பிரிவின் சின்னம் இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்கதன்று. அதனை அணிபவன் கொல்லுதற்கும் கொல்லப்படுதற்கும் கடப்பாடு பூண்டவன். அவனது தொப்பியிற் பதித்துள்ள சிறிய உலோகத் தகடு, அவனுக்கு முன்னர் அதே தகட்டை அணிந்து மாண்டோரின் புகழை அவனுக்கும் உரியதாக்குகின்றது. நேற்றுப் படையிற் சேர்ந்த இளைஞன் ஒருவன் இருநூறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த வெற்றியொன்றை 'எமது வெற்றி' எனக் கூறுதற்கு அத்தகடே உரிமை அளிக்கின்றது. இவ்வுரிமை எங்கிருந்து வருகின்றது? புகழ் இவ்வாறு கைமாறி வருமாயின், அதனோடு வேறு ஏதேனும் உடன்வருமா? இவ்வினாக்களே ஈண்டு ஆராயப்படுகின்றன.

இப்பொருளைக் குறிக்கத் தமிழிற் சொற்கள் பல உள. பொறி, இலச்சினை, விருது, குறி என்பன அவற்றுட் சில. பொறியும் இலச்சினையும் அரண்மனையைச் சார்ந்தவை. விருது புலவரையும் போர்வீரரையும் சார்ந்தது. குறி என்பதோ பட்டியிலும் வயலிலும் வழங்குவது. கற்றோர் இக்கடைசிச் சொல்லைப் பொருட்படுத்துவதில்லை. ஆயின் எடுத்த வினாவுக்கு ஒளி தருவது இதுவே.

கொட்டியாரக் குடாவை அடுத்துள்ள கிண்ணியா, நெல்லுக்கும் மீனுக்கும் மட்டுமன்றித் தயிருக்கும் பெயர்பெற்ற ஊர். மாடு வளர்ப்போர் தம் மாடுகளுக்குக் குறிசுடுவது அப்பிரதேசத்து நெடுநாள் வழக்கம். கிழக்கிலங்கையில், தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும், இக்குறிகள் உரிமையாளரின் பெயரெழுத்தோடு அவரது குடியையும் உணர்த்துவனவாக அமைவதுண்டு. காய்ச்சிய இரும்பாற் சுடப்பட்ட அத்தழும்பு மாடு உள்ளளவும் மாறாது. களவுபோன மாட்டைச் சந்தையிற் கண்டு மீட்பதற்கு அதுவே சான்று. இஃது அனைவரும் அறிந்த பயன். ஆனால், அதே மாடு கட்டாக்காலியாய்த் திரிந்து, வேலியை முறித்து, அயலவனுடைய வேளாண்மையை மேய்ந்துவிட்டால் நிகழ்வது யாது? நட்டத்துக்கு உரியவர் யாரெனக் காட்டிக்கொடுப்பதும் அக்குறியே. மாட்டை மீட்கும்போது 'இது என் குறி' என்றும், பயிரழிவுக்கு ஈடு கேட்கும்போது 'குறியைச் சுட்டவர் என் பாட்டனார். அவரைக் கேளுங்கள்' என்றும் ஒருவர் வாதாடுவாராயின், எந்த வட்டவிதானையாரும் அதனை ஏற்கமாட்டார். வயலில் நின்று கேட்போர் சிரிப்பர்.

குறி இரு திசைகளிற் செல்வது என்பதே இதன் உட்பொருள். உரிமையை நிலைநாட்டும் அடையாளம் எதுவோ, பொறுப்பை நிலைநாட்டும் அடையாளமும் அதுவே. மாட்டுப்பட்டியில் ஐயத்துக்கிடமின்றி விளங்கும் இந்நியதி, அரசுகளும் படைகளும் அணியும் சின்னங்களுக்கு வரும்போது மங்கிப்போவது ஏன்?

கிண்ணியாவிலிருந்து திருகோணமலை நகருக்குச் செல்வோர் 2009ஆம் ஆண்டு வரை நீர்ப்பரப்பைப் பாதையிற் கடந்தே சென்றனர். அவ்வாண்டு ஒக்டோபரிற் பாலம் திறக்கப்பட்டது. நகரை அடைந்து கோணேசர் மலைக்கு ஏறும் எவரும் பிரெட்ரிக் கோட்டையின் வாயிலைக் கடந்தேயாகவேண்டும். சின்னங்களின் வரலாற்றை அறிய விரும்புவோருக்கு அவ்வாயிலைப்போல் வாய்ப்பான இடம் இலங்கையிற் பிறிதொன்று இருக்குமோ என்பது ஐயமே. வாயிற் கல்லிற் பாண்டியரின் கயல் வடிவம் உண்டு. பிரித்தானிய முடியின் சிங்கமும் ஒற்றைக்கொம்புக் குதிரையும் அங்கு உண்டு. உள்ளே இன்றும் இலங்கை இராணுவத்தின் பாசறை உண்டு.

கயல் அங்கு வந்த வகை சிந்திக்கத்தக்கது. சடையவர்மன் வீரபாண்டியன் கோணமலையில் இருகயற் பொறி நாட்டிய செய்தியைப் புதுக்கோட்டைப் பகுதியிலுள்ள குடுமியான்மலைக் கல்வெட்டுக் கூறுகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்தது அது. வென்றவன் வென்ற நிலத்திற் பொறித்த பெருமிதக் குறி அது. பின்னர், பதினேழாம் நூற்றாண்டின் முதற்பகுதியிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினான். கயல் பொறித்த கல்லும் அவ்வாறே சுவரில் ஏறியது. போர்த்துக்கேயருக்கு அது மீனுமன்று, பாண்டியனுமன்று. சதுரமாய் வெட்டப்பட்ட நல்ல கல். ஆகவே இன்று வாயிலிற் காணப்படும் கயல், அதனைப் பொறித்தவன் வைத்த இடத்தில் இல்லை. அதனை அழித்தவன் அறியாமற் காத்து வைத்த இடத்தில் இருக்கின்றது. சின்னத்தின் பொருள் அதனைச் செய்தவன் கையில் மட்டும் தங்கியிருப்பதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கோட்டை ஒல்லாந்தர், பிரான்சியர், பிரித்தானியர் எனப் பலர் கை மாறியது. 1795 ஆகத்து மாதம் பிரித்தானியர் அதனைக் கைப்பற்றிய படையெடுப்பிற் சென்னைச் சிப்பாய்களும் இருந்தனர். 1803இல் இளவரசர் ஒருவரின் பெயரால் அது பிரெட்ரிக் கோட்டை ஆயிற்று. இப்பெயரீட்டுக்குச் சிறிது முன்னதாக, 1800இன் இறுதியிலும் 1801இன் தொடக்கத்திலும், திருகோணமலையிற் படைதிரட்டித் தங்கியிருந்தவன் ஆதர் வெல்லெஸ்லி. பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்று வெலிங்டன் பிரபு எனப் புகழ்பெற்றவன் இவனே. கோட்டையினுள் அவன் தங்கியதாகச் சொல்லப்படும் வீடு இன்றும் அவன் பெயராலேயே சுட்டப்படுகின்றது. தமிழ்ப் படைவீரரின் தொப்பியில் யானை ஏறுவதற்குக் காரணமானவனும் இவனே. ஆதலின் இனி வினாவின் மையத்துக்கு வரலாம்.

இந்திய இராணுவத்தின் சென்னைப் படைப்பிரிவு, 'மதராஸ் ரெஜிமென்ட்', தனது சின்னமாகக் கொண்டிருப்பது கேடயத்தின்மேல் நிற்கும் யானையும் குறுக்கிட்ட இரு வாள்களும் ஆகும். யானை பொதுவாகத் தென்னாட்டைக் குறிப்பதென்றும், வலிமையைக் குறிப்பதென்றும் காண்போர் கருதக்கூடும். உண்மை அதுவன்று. அது 'அசாயே யானை'. 1803 செப்டெம்பர் 23ஆம் நாள், இன்றைய மகாராட்டிர மாநிலத்திலுள்ள அசாயே என்னும் சிற்றூருக்கு அருகே, கைத்னா ஆற்றைக் கடந்து சென்ற வெல்லெஸ்லியின் சிறுபடை, சிந்தியாவும் பேராரின் போன்சுலேயும் ஒன்றுசேர்ந்து நிறுத்திய பெரும்படையைத் தாக்கி வென்றது. மராட்டியரின் பீரங்கிகள் திறம்பட இயங்கின. வெல்லெஸ்லியின் படையில் ஏறத்தாழ 1,600 பேர் மாண்டும் காயமுற்றும் வீழ்ந்தனர். அஃது அவன் களத்தில் இறக்கிய படையின் மூன்றிலொரு பங்குக்கு அணித்தானது. தான் நிகழ்த்திய போர்களுள் அசாயேயையே அவன் பிற்காலத்தில் உயர்வாகக் கருதினான் என்பர். அப்படையிற் பெரும்பாலோர் சென்னைச் சிப்பாய்கள்: தமிழரும் தெலுங்கரும், இந்துக்களும் முஸ்லிம்களும். போரிற் பங்கேற்ற பிரிவுகளுக்கு யானை வடிவமும் 'அசாயே' என்ற சொல்லும் பெருமைக்குறியாயின. அப்போது இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்தவன் ஆதரின் தமையன் ரிச்சர்ட் வெல்லெஸ்லி. தம்பியின் வெற்றியைத் தமையன் சிறப்பித்தான் என்பதை இடைக்குறிப்பாகச் சொல்லி அப்பாற் செல்லலாம்.

அச்சிப்பாய்களின் வீரத்தில் ஐயமில்லை. பீரங்கி வாய்க்கு நேராக நடந்து சென்றோரை இழித்துரைக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அவர்கள் எதற்காக நடந்தனர்? வணிகக் கும்பனி ஒன்றின் ஊதியத்துக்காக, மற்றோர் இந்திய அரசை அக்கும்பனிக்கு அடிமைப்படுத்துதற்காக. இன்று மராட்டியக் காலாட்படைப் பிரிவும் சென்னைப் படைப்பிரிவும் ஒரே கொடியின்கீழ்ப் பணிபுரிகின்றன. மராட்டியப் படைவீரன் ஒருவன் தன் தமிழ்த் தோழனின் தொப்பியைப் பார்க்கும்போது, தன் முன்னோரின் தோல்வியையே அங்குப் பார்க்கின்றான். அவன் அதனைப் பொருட்படுத்தாதிருக்கலாம். அதன் வரலாற்றை அறியாமலும் இருக்கலாம். எனினும் பொருள் அங்கே இருக்கின்றது.

சுதந்திர இந்தியா இச்சிக்கலை உணராமலில்லை. இந்தியரை எதிர்த்துப் பெற்ற போர்ப்பெருமைகளை ஏற்கத்தகாதனவென வகுத்து, படைப்பிரிவுகள் அவற்றைக் கொண்டாடலாகாது என ஒதுக்கியது. அசாயேயும் அவ்வாறு ஒதுக்கப்பட்டது. ஆனால் யானை ஒதுக்கப்படவில்லை. சொல் போயிற்று, வடிவம் நின்றது. இத்தீர்வு நிருவாகத்துக்கு வசதியானது. அறநோக்கில் அது விசித்திரமானது. போர் வெட்கத்துக்குரியதென்றால் அதன் யானை மட்டும் எவ்வாறு பெருமைக்குரியதாகும்? யானை பெருமைக்குரியதென்றால் போரின் பெயரை மறைப்பானேன்? சொல்லை நீக்கி வடிவத்தை வைத்துக்கொள்வது, தழும்பை வைத்துக்கொண்டு எழுத்தை மட்டும் அழிக்க முயலும் பட்டிக்காரனின் செயலை ஒத்தது. இப்படைப்பிரிவின் பயிற்சி நிலையம் நீலகிரியில் வெலிங்டன் என்னும் ஊரில் அமைந்திருப்பதும் கவனிக்கத்தக்கது. யானையை ஈட்டித்தந்த தளபதியின் பெயர் ஊராகவும் நிலைத்துவிட்டது.

அசாயே நிகழ்ந்து மூன்றாண்டு நிறையுமுன்னர், 1806 யூலை 10ஆம் நாள் வேலூரில் நிகழ்ந்தது சின்னத்தின் மறுபக்கம். சென்னைப் படையின் மேலிடம் புதிய தலைப்பாகை ஒன்றை விதித்தது. அதன் குஞ்சத்தில் தோல் சேர்க்கப்பட்டிருந்தது. அணிவகுப்பில் நெற்றிக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடியை மழிக்கவேண்டும் என்ற கட்டளைகளும் உடனிருந்தன. இவை இந்துவையும் முஸ்லிமையும் ஒருங்கே புண்படுத்தின. கும்பனிக்காக மராட்டியரோடு பொருத அதே படையின் சிப்பாய்கள், தலையில் அணியும் ஒரு பொருளுக்காகக் கோட்டையைக் கைப்பற்றித் திப்புவின் கொடியை ஏற்றினர். ஆர்க்காட்டிலிருந்து விரைந்துவந்து அவர்களை அடக்கிய கில்லெஸ்பியின் குதிரைப்படை எது? பத்தொன்பதாம் இலகுகுதிரைப்படை, அசாயேயில் யானைக்குறி பெற்ற அதே பிரிவு. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். கிளர்ச்சி செய்த படையணிகள் கலைக்கப்பட்டன. புதிய தலைப்பாகையும் கைவிடப்பட்டது. ஆளுநர் பென்டிங்கும் திருப்பியழைக்கப்பட்டான்.

வேலூர்ச் சிப்பாய்கள் மூடநம்பிக்கையாற் கிளர்ந்தெழுந்தனர் என்று பிரித்தானிய வரலாற்றாசிரியர் சிலர் எழுதினர். இது மேலோட்டமான கூற்று. ஒரு சின்னத்தைத் தலையில் ஏற்பவன் அச்சின்னத்துக்கு உரியவனாகின்றான் என்பதை அச்சிப்பாய்கள் தம் மேலதிகாரிகளைக் காட்டிலும் தெளிவாக உணர்ந்திருந்தனர். உடலை ஊதியத்துக்கு விற்றவர் தம்மை முழுவதும் விற்கவில்லை என்பதே அவர்கள் கூறியது. இந்தியா 2006இல் வேலூர் எழுச்சியின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து அஞ்சல் முத்திரை வெளியிட்டது. எனினும் எந்தப் படைப்பிரிவும் வேலூரைத் தன் சின்னத்தில் ஏற்றியதாக இல்லை. கலைக்கப்பட்ட படையணிக்குச் சின்னம் ஏது? அசாயேக்கு வாரிசுகள் உளர், வேலூருக்கு இல்லை. சென்னைப் படையினரின் நினைவு எத்துணை தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போர் உணர்வர்.

பழந்தமிழ் மரபு இவ்விடயத்தை எவ்வாறு நோக்கியது என வினவுவது பொருத்தமானது. மரபைப் போற்றுதற்காக அன்று, ஒப்பிடுதற்காகவே. தொல்காப்பியப் புறத்திணையியல் இருவகைப் பூக்களைக் குறிப்பிடுகின்றது. போந்தை, வேம்பு, ஆர் என்பன முறையே சேர, பாண்டிய, சோழ மன்னரின் குடிப்பூக்கள். இவை கொடியும் பொறியும் போன்று தலைமுறை தலைமுறையாகத் தொடர்வன. இவற்றோடு வேறொரு வரிசையும் உண்டு. ஆநிரை கவர்வோர் வெட்சி சூடுவர், மீட்போர் கரந்தை சூடுவர், மண் கொள்ளச் செல்வோர் வஞ்சி, மதில் காப்போர் நொச்சி, மதிலை வளைப்போர் உழிஞை, நேர்நின்று பொருவோர் தும்பை, வென்றோர் வாகை. இப்பூக்கள் எக்குடிக்கும் உரியனவல்ல. செயலுக்கு உரியன. இன்று பிறன் நிரையைக் கவர்ந்தவன் வெட்சி சூடினான். நாளை தன் நிரையை மீட்கச் செல்பவன் கரந்தை சூடினான். ஒருவன் தலையைப் பார்த்தே அவன் அன்று செய்யப்போவது கொள்ளையா காவலா என்று கூறிவிடலாம். அன்றியும் பூ வாடிவிடும். பாட்டன் சூடிய வாகையைப் பேரன் சூடமுடியாது. தானே வென்றாலன்றி அவனுக்கு வாகையில்லை.

மாண்டவனுக்கோ நடுகல் இருந்தது. கல்லைத் தேர்தல் முதல் வாழ்த்துதல் ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. அக்கல்லிற் பொறிக்கப்பட்டவை அவனது பெயரும் அவன் செய்த செயலும். அது நின்ற இடமும் அவனோடு தொடர்புடைய இடமே. எனவே பழந்தமிழர் புகழைச் செயலோடும் ஆளோடும் பிணைத்தனர். தொடர்ச்சியை அரச குடிக்கு விட்டனர். இற்றைப் படைச்சின்னமோ இரண்டையும் கலக்கின்றது. செயலின் புகழை எடுத்து, குடிப்பூவைப்போல் வாடாமல் வைத்துக் கொடுக்கின்றது. வாடாத வாகை ஒன்றை மனிதர் படைத்துக்கொண்டனர் எனலாம். வாடாதது எதுவும் கணக்கைக் கேட்கும் என்பதை அவர்கள் எண்ணவில்லை.

இங்கே வலிமை மிக்க ஒரு மறுப்பு எழுகின்றது. அசாயேயிற் பொருதவன் இறந்து இருநூறு ஆண்டுகளாயின. இன்றைய படைவீரன் எவரையும் அடிமைப்படுத்தவில்லை. தன் தந்தை பிறக்குமுன் நிகழ்ந்த தீமைக்கு அவனைப் பொறுப்பாக்குவது நீதியா? மேலும் சென்னைக் காலாட்படை முதலாம் உலகப் போருக்குப் பின் படிப்படியாகக் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப் போரின்போதே மீண்டும் எழுப்பப்பட்டது. தென்னாட்டார் 'போர்க்குணமுள்ள இனத்தார்' அல்லர் என்ற கொள்கை அக்கலைப்புக்குத் துணைநின்றது. இடையில் ஆளில்லை, அணியில்லை. அத்தகைய இடைவெளியைத் தாண்டிப் பொறுப்பு எவ்வாறு பாயும்?

இவ்வாதத்துக்குப் பௌத்த நூலான மிலிந்த பஞ்ஞாவில் விடையொன்று மறைந்து கிடக்கின்றது. மறுபிறப்பெடுப்பவன் இறந்தவனே அல்லனாயின் பழைய வினைக்கு அவன் எவ்வாறு பொறுப்பாவான் என மிலிந்தன் வினவ, நாகசேனர் மாங்கனித் திருடன் ஒருவனை எடுத்துக்காட்டுகின்றார். தோட்டக்காரன் நட்டது வேறு மாங்காய். தான் பறித்தது வேறு மாங்காய். ஆகவே தான் திருடவில்லை என்பது அத்திருடனின் வாதம். மன்னன் அதனை ஏற்க மறுக்கின்றான். ஏனெனில் பிந்தியது முந்தியதன் தொடர்ச்சியாய் விளைந்தது. இவ்வுவமை இங்கு இருமடங்கு பொருந்துகின்றது. தொடர்ச்சி இல்லையென்று வாதாட ஒரு படைப்பிரிவுக்கு உரிமை உண்டு. அவ்வாறாயின் பழைய வெற்றிகளையும் அது துறக்கவேண்டும், யானையைக் கழற்றவேண்டும். வெற்றியை உண்ணும்போது 'அதே மரம்' என்றும், கடனைக் கேட்கும்போது 'வேறு காய்' என்றும் கூறுவதே ஏற்கமுடியாதது. இடைவெளியைத் தாண்டிப் புகழ் பாய்ந்துவந்ததாயின் பொறுப்பும் அதே வழியாற் பாயும்.

ஆனால் பொறுப்பு என்பது குற்றமன்று. இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கியவர்களுள் ஜெர்மானிய மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ் முதன்மையானவர். நாட்சி ஆட்சி வீழ்ந்ததன் பின்னர், 1946இல் வெளிவந்த நூலில், சட்டக் குற்றம், அரசியற் பொறுப்பு, ஒழுக்கக் குற்றம், மெய்ப்பொருள்சார் குற்றம் என நான்கு வகையை அவர் பிரித்துக் காட்டினார். குற்றம் செய்தவனையே சாரும். ஓர் இனம் முழுவதையும் குற்றவாளியாக்க முடியாது. அரசியற் பொறுப்போ ஒரு சமூகத்தின் உறுப்பினர் என்ற நிலையாலேயே வருவது. பயிரை மேய்ந்தது மாடு, உரிமையாளர் மேயவில்லை. அவரை எவரும் கள்வரென்று கூறுவதில்லை. ஈடு செய்யுமாறு மட்டுமே கேட்கின்றனர். யானை அணிந்த இளைஞனிடம் கேட்கப்படுவதும் அத்துணையே: அசாயேயில் நிகழ்ந்ததை முழுவதும் அறிந்துகொள், வென்றோரோடு தோற்றோரையும் எண்ணிப்பார் என்பதே. இஃது இழிவன்று. மூத்தோரின் கடனை அடைக்கும் பிள்ளையை ஊரார் மதிப்பரேயன்றி இகழார்.

படைச்சின்னம் முழுவதும் தேவையற்றது, அதனை ஒழித்துவிடலாம் என்பாரும் உளர். அமைதியை விரும்புவோர்க்கு அக்கருத்து இனிக்கும். எனினும் அது ஆராயாமற் கூறிய கருத்து. 1907இல் ஹேக் நகரில் உருவான தரைப்போர் விதிகள், தொண்டர் அணிகள் போர்வீரராக ஏற்கப்படுதற்கு நான்கு நிபந்தனைகளை விதித்தன. தம் கீழுள்ளோருக்குப் பொறுப்புக்கூறும் தலைவன் ஒருவன் இருத்தல், தொலைவிலேயே அடையாளங்காணத்தக்க நிலையான சின்னம் அணிதல், படைக்கலத்தை வெளிப்படையாக ஏந்தல், போர் வழக்குகளை மதித்தல் என்பன அவை. 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையும் இவற்றையே மீண்டும் கூறியது. பொறுப்பும் சின்னமும் அடுத்தடுத்து நிற்பது தற்செயலன்று. யார் செய்தார் என்பது தெரியவேண்டும். தெரிந்தாலன்றிக் கேட்க முடியாது. அழகுக்காகவும் அச்சுறுத்தலுக்காகவும் தோன்றிய சின்னத்தைச் சட்டம் சாட்சியாக மாற்றிற்று.

இவ்வுண்மையைத் திருகோணமலை மாவட்டத்து மக்களுக்கு நூல்கள் கற்பிக்கவேண்டியதில்லை. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் அரச படைகளின் சின்னங்களையும் ஆயுத இயக்கங்களின் சின்னங்களையும் மூவினத்தாரும் கண்டனர். சோதனைச் சாவடியில் வரிசையாய் நின்றவர் முதலிற் பார்த்தது எதிரில் நின்றவனின் முகத்தையன்று, தொப்பியையும் தோளையுமே. எந்தப் பிரிவு, எத்தகையோர், எவ்வாறு பேசவேண்டும் என்பதை அச்சிறு தகடே கூறியது. சின்னம் அச்சந்தந்தது உண்மை. எனினும் அதனினும் பெரிய அச்சம் சின்னமற்றவர்களால் வந்தது: முகமூடி அணிந்த தலையாட்டி, இலக்கத் தகடற்ற வாகனம், இரவில் வந்து பெயர் சொல்லாமற் கதவைத் தட்டியோர். சின்னம் அணிந்தவன் கைதுசெய்தானாயின், மறுநாட் காலை எம்முகாமின் வாயிலுக்குச் செல்வது என்பதைத் தாய் அறிவாள். சின்னமற்றவன் கொண்டுசென்றானாயின் எங்கே செல்வாள்? குறியற்ற மாடு மேய்ந்த வயலுக்கு ஈடு கேட்க ஆளில்லை. சின்னத்தை வெறுப்போர் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும். தன் சின்னத்தின் புகழை மட்டும் பாடுவோரும், வாயிலில் நின்ற அத்தாய்க்கு விடைகூறக் கடமைப்பட்டது அதே சின்னந்தான் என்பதை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

பிரெட்ரிக் கோட்டையிற் பாசறை கொண்டிருந்த பிரிவுகளுட் கஜபா படைப்பிரிவும் ஒன்று. 1983 ஒக்டோபர் 14ஆம் நாள் அநுராதபுரத்துச் சாலியபுரத்தில் உருவாக்கப்பட்ட அப்பிரிவு, கஜபாகு மன்னனின் பெயரைத் தாங்குவது. பெயரும் ஒருவகைச் சின்னமே. இப்பெயரின் வரலாறு வியப்புக்குரியது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் கஜபாகு சோழநாட்டின்மீது படையெடுத்ததாக மகாவம்சம் கூறவில்லை. அக்கதை பிற்காலச் சிங்கள நூல்களிலேயே இடம்பெறுகின்றது. அவற்றின்படி அவன் சிறைப்பட்ட பன்னீராயிரம் சிங்களரை மீட்டு, அவர்களுக்கு ஈடாகப் பன்னீராயிரம் சோழரையும் சிறைப்பிடித்து மீண்டான். சிலப்பதிகாரமோ அவனைக் கயவாகு என்று அழைத்து, சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயிலெடுத்த விழாவில் விருந்தினனாய் நிறுத்துகின்றது. சங்ககாலத்தைக் கணிக்க முனைந்த ஆய்வாளர் இப்பெயரையே பற்றுக்கோடாகக் கொண்டனர். இவை போதா என்பதுபோல், பன்னிரண்டாம் நூற்றாண்டிற் பொலன்னறுவையை ஆண்ட இரண்டாம் கஜபாகுவைக் கோணேசர் கல்வெட்டு அக்கோயிலுக்குக் கொடைசெய்தவனாகப் போற்றுகின்றது. அவன் இறுதிக் காலத்தைக் கழித்தது கிண்ணியாவுக்குச் சேய்மையிலில்லாத கந்தளாயில்.

ஆகவே கஜபா என்ற பெயரைக் கேட்கும் அநுராதபுரத்துப் பிள்ளையும் மட்டக்களப்புப் பிள்ளையும் ஒரே மன்னனை அறிவதில்லை. ஒரு பிள்ளை, கைதிகளை ஓட்டிவந்தவனை அறிகின்றது. மற்றைய பிள்ளை, கண்ணகிமுன் கைகூப்பி நின்றவனை அறிகின்றது. இரு நினைவுகளும் நூல்வழி வந்தவை. இரண்டும் அப்பெயரில் அடங்கியுள்ளன. பெயரைச் சூட்டியோர் ஒன்றையே கருதியிருக்கலாம். ஆனால் பாண்டியன் கருதிய பொருளோடு கயல் நின்றுவிடவில்லையன்றோ? கோட்டை வாயிலால் உள்ளே செல்லும் அடியார் தம்மைத் தாண்டிச் செல்லும் படைவீரனை இவ்விரு கஜபாகுகளுள் எவனது ஆளாகக் காண்பார் என்பது பெயரால் தீர்மானிக்கப்படுவதன்று. அவ்வீரனும் அவனுக்கு முன் அப்பெயரை அணிந்தோரும் அவ்வடியாரின் ஊரில் நடந்துகொண்ட விதமே அதனைத் தீர்மானிக்கும். அக்கணக்குப் பல வீடுகளில் இன்னும் தீராமல் இருக்கின்றது.